பரீட்சகர்: நாற்பத்தாறு

மற்றவர்களின் விடைத்தாள்களைத் தொடுவதற்கு முன் அவர் தன்னுடையதைத் திருத்துவார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் இதில்தான் தொடங்குவார்கள். நானும் இதிலேயே தொடங்குகிறேன்.

ஒரு மளிகைக் கடையின் மாடியில் அவர் மாலை நேரச் சட்ட வகுப்பு நடத்தினார். கோர்ட் குமாஸ்தாக்கள், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று வேலையில் இருக்கும் ஆட்களே வந்து படித்தார்கள். பரீட்சைக்கான கேள்விகளை அவரே எழுதுவார். பரீட்சை நாளன்று அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமல், மற்றவர்களுக்குக் கொடுத்த நேரத்துக்குள் அதே கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். பிறகு பட்டியல் கதவில் ஒட்டப்படும். முதல் வரியில் 'பரீட்சகர்' என்று இருக்கும், எதிரே அவர் வாங்கிய மார்க். பெரும்பாலும் அறுபத்து மூன்று, சில சமயம் அறுபத்தொன்று. அதற்குக் கீழே மற்றவர்கள்.

கேள்வியை எழுதியவருக்கே அறுபத்து மூன்றுதானா என்று ஒருமுறை கேட்டேன்.

"கேள்வி கேக்கிறது சுகம், காணும். பதில் எழுதேக்கைதான் தெரியும், நான் கேட்டது எவ்வளவு மொக்குக் கேள்வியெண்டு" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. தபால் மூலம் படித்து லண்டன் சட்டப் பரீட்சையை எழுதித் தேறியவர். வக்கீலாவதற்கு லண்டனுக்குக் கப்பலேற வசதி இருக்கவில்லை. மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு அங்கிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டு அவருடைய அறைக்கு அடுத்த அறையில் வாடகைக்கு இருந்தேன். வகுப்பில் சேரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதும், தெருமுனை பாய் கடையில் எதிரே உட்கார்ந்து பார்த்ததும்தான் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தவை.

பாய் கடையில் அவர் தேநீருக்கும் மார்க் போடுவார். ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்து, "நாப்பத்தொன்பது" என்பார். பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். கல்லாவிலிருந்தே, "நேத்து அம்பத்தி ரெண்டு குடுத்தீங்களே மாஸ்டர், இன்னைக்கு என்ன கொறை?" என்று கேட்பார். "நேத்து தண்ணி கொதிச்சது" என்று பதில் வரும். சண்டைக்காலத்தில் தேயிலை போய், வறுத்த சோளத்தை இடித்துக் கலக்கிய கறுப்புத் தண்ணீர் வந்தது. அதற்கு இருபத்திரண்டு போட்டார்.

"சண்டைக்காலம் மாஸ்டர். கொஞ்சம் பாத்துப் போடுங்க லா."

"சண்டைக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் பாய்? இருபத்திரண்டு. முழுக்கக் குடிக்கிறன்தானே."

முழுக்கக் குடித்தார். தினமும் வந்தார்.

அதே தெருவில் இன்னொரு சட்ட வகுப்பும் இருந்தது. அதை நடத்தியவர் மாயவரத்துக்காரர், நல்ல மனுஷர், சிரித்த முகம். அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். பரீட்சைக்கு வந்து பேர் எழுதினாலே எழுபது என்று கேலி செய்வார்கள். அவரைத் 'தொண்ணூறு' என்றும் நம்மவரை 'அறுபது' என்றும் தெருவில் சொன்னார்கள். தொண்ணூறின் மாடியில் உட்கார இடம் இருக்காது. அறுபதின் மாடியில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். ஆனால் கிள்ளானில் ஒரு வக்கீல், குமாஸ்தா வேலைக்கு ஆள் தேடியபோது, எண்பத்தெட்டு வாங்கியவனை வாசலிலேயே அனுப்பிவிட்டு ஐம்பத்திரண்டு வாங்கியவனை உள்ளே கூப்பிட்டார். நம்மவர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் கிள்ளானுக்குப் போய் அங்கேயும் வகுப்பு எடுத்தவர். அந்த ஊர் வக்கீல்களுக்கு அவருடைய ஐம்பத்திரண்டின் எடை தெரியும்.

அவரைக் கல்மனசுக்காரர் என்று சொன்னவர்களும் உண்டு. சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு குமாஸ்தா. நாற்பத்தொன்பது வாங்கியிருந்தார். ஐம்பது இருந்தால் ஆபீசில் ஒரு படி ஏறியிருப்பார். அவருடைய தாயார் வந்து அழுதார். நம்மவர் அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும், "பிழை நடந்திருக்குதம்மா. நான் ரெண்டு மார்க் கூடப் போட்டிட்டன்" என்று சொல்லி நாற்பத்தேழாக்கினார். அதற்குப் பிறகு மறுதிருத்தம் கேட்டு அந்த மாடிக்கு யாரும் ஏறவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் அந்த அம்மா படியிறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அன்று மாலை பாய் கடையில் அவரிடம் சொல்லியே விட்டேன்: "அந்த அம்மாவுக்காக நாற்பத்தொன்பதையாவது விட்டுவைத்திருக்கலாம்."

"நான் போடுற மார்க் அந்தப் பிள்ளைக்கில்லை, காணும்" என்றார். "நாளைக்கு அவனிட்டை வழக்கோட வாற ஆளுக்கு. அந்த ஆள் என்னட்டை வந்து அழமாட்டான். அவனுக்கு என்னைத் தெரியாது."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பருவம் அம்பாங்கிலிருந்து வந்த ஒருவர் அறுபத்தாறு வாங்கினார். பரீட்சகர் அறுபத்து மூன்று. பட்டியலில் அந்தக் குமாஸ்தாவின் பெயர் 'பரீட்சகர்' என்பதற்கு மேலே போயிற்று. அவரை பாய் கடைக்குக் கூட்டி வந்து, தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து, மூன்றாவது கேள்விக்கு எழுதிய பதிலை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். இரண்டு முறை. எதிரே பெஞ்சு நுனியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அந்த மனிதர் வெட்கத்தில் நெளிந்தார்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களில்தான் முதலில் பிடித்தார்கள். பிறகு பட்டணத்துக்கும் வந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை, காலராவைப் பற்றியும் மூங்கில் கொட்டகைகளைப் பற்றியும் பேச்சு மட்டும் திரும்பி வந்தது. ஒவ்வொரு இலாகாவும் தன்னிடம் உள்ள வேண்டாத ஆட்களைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கோர்ட் இலாகாவுக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பானிய அதிகாரி டோக்கியோவில் சட்டம் படித்தவர். யாரை அனுப்புவது என்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பரீட்சை வைப்பது. எழுதியவர்களில் ஐம்பதுக்குக் கீழே வாங்குகிறவர் சயாமுக்கு. பாதிக் கேள்விகள் புதிய ராணுவ நிர்வாகத்தின் உத்தரவுகளிலிருந்து வரவேண்டும். அந்த உத்தரவுகளில் பல ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தன. ஆங்கிலத்தில் வந்தவை ஆபீஸ் பலகையில் ஒரு வாரம் தொங்கிவிட்டுக் காணாமல் போயின.

பரீட்சகராக யாரைப் போடுவது என்று அதிகாரி விசாரித்திருக்கிறார். யாருடைய மார்க்கை நம்பலாம் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

செய்தி தெருவுக்கு வந்த அன்றே தொண்ணூறு மாடியேறி வந்தார். சுவர் மெல்லிய பலகை. எல்லாம் எனக்குக் கேட்டது.

"என்னைக் கூப்பிட்டிருந்தா எல்லாருக்கும் எண்பது போட்டிருப்பேன் சார்."

"அதாலைதான் உம்மைக் கூப்பிடேல்லை."

"ஜோக் அடிக்கிற நேரமா இது? உசிரு சார். போட்டுத் தள்ளுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவன் சட்டம் படிச்சவன். பத்துத் தாளை எடுத்து வாசிச்சா அவனுக்குத் தெரிஞ்சுபோம். பிறகு தாளைப் பாக்க மாட்டான். வரிசையில நிக்கவிட்டு முகத்தைப் பாத்து எடுப்பான்."

"அப்ப விலகிக்குங்க."

"நான் விலகினா வேறொருவன் வருவான். அவன் வாசிக்கவே மாட்டான்."

தொண்ணூறின் குரல் தாழ்ந்து வந்தது: "பாதிப் பேர் போயிடுவாங்க சார்."



பாயின் தம்பி காதர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தமிழும் மலாயும் தண்ணீர்பட்ட பாடு. சாட்சிக் கூண்டில் நிற்கும் ஆள் திக்கினால் காதரும் திக்கி மொழிபெயர்ப்பார் என்று சொல்வார்கள். பேனாவைக் கொடுத்தால் மட்டும் கை ஓடாது. பாய் தகர டப்பாவில் அரிசி கொண்டுவந்தார், மரவள்ளிக் கிழங்கு தின்று வாழ்ந்த காலத்தில்.

"ஒரு அஞ்சு மார்க்கு மாஸ்டர். அவனுக்குப் போன மாசம்தான் பொம்பளப் புள்ள பொறந்திச்சு."

"அரிசியை அந்தப் பிள்ளையின்ர தாய்க்குக் குடும் பாய்."

"அப்ப மார்க்கு?"

"காதரை நாளையிலிருந்து பின்னேரம் அனுப்பும். படிக்கட்டும்."

அடுத்த இரண்டு வாரம் மாடியில் பெஞ்சு கொள்ளவில்லை. தொண்ணூறின் ஆட்களும் வந்தார்கள். முதலில் படிப்பியுங்கள், பிறகு பரீட்சை வையுங்கள் என்று நம்மவர் அதிகாரியிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். தேதி தள்ளிப் போகவில்லை. கிடைத்த உத்தரவுகளையெல்லாம் தேடிப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் வேலை முடிந்து நானும் அவரும் ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தோம். விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு ஒன்று. அது கடைக்காரனுக்குத் தெரிவதற்கு முன்பே அவன் விற்றுவிட்ட சரக்குக்காக அவனைத் தண்டிக்கலாமா? அந்தக் கேள்வியை அவர் வழியெல்லாம் பிரித்துப் பிரித்து விளக்கினார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் நான்கு பக்கமும் கதவு வைத்த வீட்டை ஒவ்வொரு வாசலாகத் திறந்து காட்டியது போல் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியவர் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார். நான் கூப்பிட்டுத்தான் திரும்பினார்.

பரீட்சை மேற்பார்வைக்கு இலாகாவுக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். என்னைக் கூப்பிட்டார். "நீர் பேப்பர்க்காரன். சும்மா பாத்துக்கொண்டிருக்கிறதுதானே உம்மட வேலை."

ஊர்க் கடிகாரங்களெல்லாம் அப்போது டோக்கியோ நேரத்தில் ஓடின. பரீட்சை எட்டு மணிக்குத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் சேவல்களுக்கு அது இன்னும் விடியற்காலை. ஒரு பள்ளிக்கூட ஹால். காகிதம் இல்லாததால் பழைய கோர்ட் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினார்கள். ஆறு கேள்விகள். நான் தாள்களைக் கொடுத்து முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு கை நீண்டது. அவருடைய கை. அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

காதர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஒரு மணி நேரம் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். சுற்றி வந்தபோது கடைசி வரிசையில் அவர் நான்காவது கேள்வியை முடித்துப் பேனாவை மூடுவதைப் பார்த்தேன். நேரம் நிறைய இருந்தது. ஐந்தாவது கேள்வி விலைக் கட்டுப்பாட்டு உத்தரவைப் பற்றியது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

திருத்தி முடிக்க ஒரு வாரமாயிற்று. சிவப்பு மை கிடைக்காத காலம். மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்து எடுத்த சாயத்தில் எழுதினார். முடிந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனோம். தாள்கள் என் கையில். அவர் தோளில் ஒரு துணிப் பை. வாசலில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினோம். அவர் ஒழுங்காகக் குனிந்தார். நான் பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தேன். பையை வெளி நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதிகாரி பட்டியலை வாங்கினார். பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே ஐம்பதுக்குக் குறைந்த எண்கள் இருந்தன. காதருக்கு நாற்பத்து நான்கு. ஆனால் அதிகாரியின் கண் பட்டியலின் நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டது.

"இது என்ன, பரீட்சகர் நாற்பத்தாறு?" ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"நான் வாங்கிய மார்க்."

"நீங்கள் ஏன் எழுதினீர்கள்?"

"எப்போதும் எழுதுவேன். இவர் சாட்சி." நான் தலையாட்டினேன்.

"நீங்கள் தேறவில்லையே."

"தேறவில்லை. எழுதியவர்களில் ஐம்பதுக்குக் கீழே வாங்குகிறவர் போக வேண்டும் என்பது உத்தரவு. நான் தயாராக வந்திருக்கிறேன்."

வெளியே நாற்காலியில் இருந்த பை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதிகாரி பென்சிலை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். "உங்கள் மார்க்கை மாற்றுங்கள்."

"எந்தக் காரணத்தால்?"

"உங்களுக்குச் சட்டம் தெரியும் என்று எனக்குத் தெரியும்."

"அதற்குத் தாளில் அத்தாட்சி இல்லை. தாளில் இல்லாத ஒன்றுக்காக எனக்குக் கூட்டினால், இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதே காரணத்துக்காகக் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால், இந்தத் தாளை எழுதித் தவறிய ஒருவன்தான் மற்றவர்களைத் தவறியவர்கள் என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தீர்ப்பு நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சட்டம் படித்தவர்."

பின்னாளில் நான் நிருபராகப் பல அறைகளில் நின்றிருக்கிறேன். அந்த அறையைப் போல ஒன்றில் நின்றதில்லை. கன்னத்தில் அறை விழுவதற்கு அதைவிடச் சின்னக் காரணங்கள் போதுமாக இருந்த காலம். அவருடைய மூக்குக் கண்ணாடியில் கட்டியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

அதிகாரி கட்டிலிருந்து தாள்களை உருவி வாசித்தார். மூன்றோ நான்கோ இருக்கும். பரீட்சகரின் தாளையும் வாசித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்ததைப் பார்த்து, மறுபடி முன்பக்கம் வந்தார். வாசிக்கும்போது ஒரு தடவை அவர் தலை தானாக ஆடியது, ஒரு மார்க்கை ஒத்துக்கொள்வதுபோல்.

"என் பேராசிரியர் எனக்கு ஐம்பத்தொன்று போட்டார்" என்றார் கடைசியில். "இன்னும் அவர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை."

"அவர் வாசித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார்" என்றார் நம்மவர்.

அதிகாரி சிரிக்கவில்லை. பட்டியலை மேசை இழுப்பறையில் போட்டு மூடி, தாள்கட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "இந்தப் பரீட்சை செல்லாது. வேறு தாள். உத்தரவுகளை மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். தேதி பிறகு."

அந்தத் தேதி வரவில்லை. சில மாதங்களில் அதிகாரியைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவருக்குப் பரீட்சையைப் பற்றி எதுவும் தெரியாது. கோர்ட்டிலிருந்து யாரும் சயாமுக்குப் போகவில்லை.

திரும்பி வரும் வழியில் பையை நான் வாங்கிச் சுமந்தேன். உள்ளே ஒரு போர்வை, இரண்டு கைலி, ஓர் எனாமல் குவளை. தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கடை வாசல்களில் நின்றார்கள். தொண்ணூறு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நம்மவர் கையை விடுவித்துக்கொண்டு, "பின்னேரம் வகுப்பிருக்கு. உம்மட ஆக்களையும் அனுப்பும். தாள் திரும்ப வரும்" என்றார். வரும் என்று நம்பியே படிப்பித்தார். சண்டை முடியும்வரை அந்த வகுப்பு ஒரு மாலையும் நிற்கவில்லை.

நாற்பத்தைந்தில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பழைய வேலைகளுக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். காதர் அத்தாட்சி கேட்டு வந்தார். நம்மவர் பெட்டியைத் திறந்து பழைய தாளைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பில் இவருக்கு நிகர் இந்த ஊரில் இல்லை என்று ஒரு வரி. எழுத்துப் பரீட்சையில் நாற்பத்து நான்கு என்று அடுத்த வரி.

"மாஸ்டர், சண்டைதான் முடிஞ்சிருச்சே."

"சண்டை முடிஞ்சுது. தாள் அதே தாள்தானே."

காதருக்கு வேலை கிடைத்தது. பாய் அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். சாப்பிட வருகிறவர்கள் இது என்ன நாற்பத்து நான்கு என்று கேட்பார்கள். பாய் பதில் சொல்லத் தொடங்கினால் பரோட்டா கருகிவிடும்.

அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் ஒரு மாலை அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். தேயிலை மறுபடி கிடைக்க ஆரம்பித்த வாரம். இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அந்த விலைக் கட்டுப்பாட்டுக் கேள்வி. ஸ்டேஷனிலிருந்து வரும்போது எனக்கு விளக்கினீர்களே. அதற்கு மட்டும் பதில் எழுதியிருந்தாலும் ஐம்பதைத் தாண்டியிருப்பீர்கள். உங்களுக்கு அது தெரியும்."

அவர் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பால் போட்ட தேநீர். கண்ணாடி ஆவியில் மங்கியது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சதுக்கு மார்க் இல்லை, காணும். எழுதினதுக்குத்தான்."

பிறகு கல்லாப் பக்கம் திரும்பி, "பாய், ஐம்பத்தெட்டு" என்றார்.